மூன்றாம் சரணம்

ராஜமணி மாஸ்டருக்குக் காது போய்விட்டது என்கிற சங்கதி இந்தத் திருவனந்தபுரத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் மாஸ்டர், இன்னொருத்தி அவர் மனைவி ராகேல். காது டாக்டரையும் சேர்த்தால் மூன்று. ஆனால் அந்த மனிதர் நோயாளியிடமே நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இடது காது முழுக்க அடைத்துவிட்டது. வலது காது அதைவிட மோசம். அது கேட்கும், ஆனால் பொய்யாகக் கேட்கும். எந்த ஒலியும் தான் இருக்கிற இடத்திலிருந்து ஒரு படி ஏறித்தான் அதற்குள் நுழையும். சாதாரண மனிதனுக்கு இதனால் ஒரு குடியும் முழுகாது. காய்கறிக் கடைக்காரன் ஒரு படி ஏறிப் பேசினால் வெண்டைக்காய் கசந்துவிடுமா என்ன? ஆனால் பாடகர் குழுவை நடத்துகிறவருக்குச் சுதிதான் சோறு. சோற்றில் மண் விழுந்தது என்றால் இப்படித்தான் விழும்.

கரமனை ஆற்றுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது முன்முற்றத்தைப் பறிகொடுத்த அந்தத் தமிழ்ச் சபையில், மாஸ்டர் என்றால் ராஜமணி மாஸ்டர்தான். போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்த பிள்ளைகள் பஸ்ஸிலும் பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் எழுந்து நின்று "சாரே" என்பார்கள். வலியசாலை அக்ரகாரத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு கீபோர்டில் விரல் வைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நவராத்திரிக்கு அவர் போகாவிட்டால் சிவகாமியம்மாள் வீட்டுச் சுண்டல் ஆட்டோ ஏறி அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இப்படி ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற மனிதருக்கு, தாம் செவிடாகிறோம் என்று அதே ஊரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"காது கேக்காத கொயர் மாஸ்டர்னா என்ன தெரியுமா பிள்ளே? கண்ணு தெரியாத டிரைவராக்கும். ஒருத்தனும் வண்டியில ஏறமாட்டான்" என்று ராகேலிடம் சொல்லியிருந்தார். "நானாச் சொல்லுத வரைக்கும் நீ வாயத் தொறக்கப்பிடாது."

ராகேல் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மகளைப் போல வளர்த்த அக்கா மகள் ஷாலுவிடம்கூடச் சொல்லவில்லை. பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்ட்டோ வரிசையின் முதல் இடத்தில் நின்றுகொண்டு, எந்தக் குரல் இறங்குகிறது, எது ஏறுகிறது என்று அவருக்குச் சைகை காட்டினாள். புத்தகம் தாடைக்குப் போனால் ஏற்று. இடுப்புக்கு இறங்கினால் இறக்கு. வீட்டிலிருந்த ஹார்மோனியம் அவர் காதில் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கத் தொடங்கியதும், அதை போனக்காட்டுச் சிறு கோயிலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மாஸ்டரின் தாராள மனசு என்று சபை மெச்சிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிவிடலாம். கீபோர்டு வாசிக்க பிரதீஷ் இருந்தான். சுதியை அது கொடுத்துவிடும். ஈஸ்டர்தான் ராகேலுக்கு நெஞ்சில் கிடந்த கல்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாழன் ஆராதனை முடிந்ததும் கீபோர்டை அணைத்து, கறுப்புத் துணியால் மூடி, மரப்பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள். சாவி சபைச் செயலாளர் ராஜபாய் டீச்சரின் கைப்பைக்குள் போய்விடும். ஆண்டவர் கல்லறையில் கிடக்கிற நாட்களில் வாத்தியத்துக்கு என்ன வேலை என்பது முன்னோர் நியாயம். ஈஸ்டர் விடியற்காலை, இருட்டோடு இருட்டாகப் பாடகர் குழு பின்புறத்துக் கல்லறைத் தோட்டத்தில் கூடும். மாஸ்டர் சுதி கொடுப்பார். வாத்தியம் இல்லாமல் பாடிக்கொண்டே மெழுகுவர்த்தியோடு கோயிலுக்குள் நடந்து வருவார்கள். இரண்டு சரணம் அப்படியே போகும். பீடத்தின் அருகே வந்ததும் விளக்கெல்லாம் எரியும்; மூன்றாம் சரணத்தின் முதல் சொல்லில் கீபோர்டு வந்து சேரும்.

அந்தச் சேருமிடம்தான் விஷயம். கல்லறைத் தோட்டத்தில் மாஸ்டர் தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்த சுதியும், உள்ளே பூட்டிக் கிடந்த கீபோர்டின் சுதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு படி தப்பினாலும் ஊளைதான். சுதிக்குழல், சுதிக்கோல் எதையும் அவர் கையால் தொட்டதில்லை. அத்தனை வருஷமும் இரண்டும் பாலும் நீரும் போலச் சேர்ந்தன. அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே நெய்யாற்றின்கரையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் ஆட்கள் வண்டி பிடித்து வருவார்கள்.

போன வருஷம் ஒரு நூல் இறங்கிப்போயிற்று. கீபோர்டு சேர்ந்த இடத்தில் ஒரு முள் குத்தியது போல் இருந்தது. பிரதீஷ் மிக மெதுவாகத் தொடங்கிச் சமாளித்தான், சபைக்குத் தெரியவில்லை. ராகேலுக்கு மட்டும் முதுகில் வேர்த்தது. அன்று இரவே மாஸ்டர் ஒத்துக்கொண்டார். இனிமேல் காதைக் கேட்காமல் தொண்டையைக் கேட்டுச் சுதி கொடுப்பது. பெரிய வியாழனன்று பூட்டுவதற்கு முன்னால் ராகேல் கீபோர்டின் சுதியை மொபைலில் எடுத்து வைத்திருந்து, கடைசியாக ஒருதரம் ஒத்துப் பார்ப்பது. ஒரு வருஷமாகக் குளியலறையில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து, அந்த ஒற்றைச் சுதியைத் தேடித் தேடிப் பிடித்தார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு செய்ததால் தண்ணீர்க் கட்டணம் ஏறியதுதான் முதல் பலன்.

இப்போது இந்த வருஷத்துப் பெரிய வியாழனுக்கு வருவோம்.

ஆராதனையில் ஷாலு தனிப்பாட்டுப் பாடினாள். அவளுக்குத் தொண்டைக்கட்டு. பிரதீஷ் அவளுக்காகச் சுதியை இறக்கிக் கொடுத்தான். எப்படி இறக்கினான் என்பதை ராகேல் கவனிக்கவில்லை. மாஸ்டராக இருந்தால் விரல்களை வேறு கட்டைகளுக்கு மாற்றிக்கொள்வார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படி மெனக்கெடுவதில்லை. கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு அதே பழைய கட்டைகளை வாசித்தால் போதும், ஒலி தானாக இறங்கும். மாஸ்டர் அதற்குச் சோம்பேறிப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தார். தானும் தொட்டதில்லை, வீட்டில் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

ஆராதனை முடிந்து பிரதீஷ் வயர்களைச் சுருட்டப் போன நேரத்தில், ராஜபாய் டீச்சர் கறுப்புத் துணியோடு வருவதற்குள், ராகேல் அவசரமாக ஒரு கட்டையை அழுத்தி மொபைலில் ஒலியைப் பிடித்தாள். எந்தக் கட்டை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். சரியான கட்டைதான். ஆனால் சோம்பேறிப் பொத்தான் இரண்டு படி இறங்கியே கிடந்தது. அடுத்த நிமிஷம் சுவிட்சை அணைத்தார்கள். அணைத்துவிட்டால் அந்தப் பொத்தான் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு தன் பழைய இடத்திலேயே விழிக்கும். ராகேலின் கைப்பைக்குள் மட்டும் பொய்ச்சுதி பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இப்படித்தான் தொடங்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு குரங்கு பிடிப்பதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கஞ்சியும் பயறும் ஆன பிறகு ராகேல் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"குடுங்க, பாப்போம்."

மாஸ்டர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, மூடிய வாயால் சுதியைக் கொடுத்தார். ராகேல் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி கொடுக்கச் சொன்னாள். அதே சுதிதான், அசையவில்லை.

பஞ்சை எடுத்துவிட்டு அவர் அவள் வாயைப் பார்த்தார்.

"ஏறிக் கெடக்கு" என்றாள். "ரெண்டு படி."

"ஏறுமா?" மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். "என் காதுதான் எல்லாத்தையும் ஏத்திக் கேக்குது பிள்ளே. அப்போ நான் குடுக்கது எறங்கித்தானே போவணும்? போன வருஷம் எறங்கித்தானே போச்சு? ஏறதுக்கு வழியே இல்லியே."

"அதொண்ணும் எனக்கு அறிஞ்சூடா, தெரியவும் வேண்டாம். கோயில் கீபோர்டுல என் கையால அமுக்கி எடுத்ததாக்கும். மொபைலு கள்ளம் பறையுமா?"

அவர் தர்க்கம் பண்ணியிருக்கலாம். கத்தியிருக்கலாம். வேறு நாளாக இருந்தால் பாத்திரம் பறந்திருக்கும். அன்று பஞ்சை உருட்டி ஜன்னல் வழியாகப் போட்டார்.

"காது போனப்போ தொண்டை இருக்குன்னு நெனச்சேன்" என்றார். "செரி. அதுவும் போச்சு."

போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ராகேல் கதவோரம் நின்று அந்த முதுகைப் பார்த்தாள். காது போயிற்று என்று டாக்டர் சொன்ன அன்றுகூட அவர் அப்படிப் படுக்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியில் தட்டுக்கடையில் நிறுத்தி ரசவடை தின்றார். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் அழுகையை விழுங்கினாள்.

"இஞ்சேருங்க. நாளைக்கு மெழுகுவர்த்திய மட்டும் பாருங்க. நான் காட்டித் தாறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"ம்" என்றார் சுவரைப் பார்த்தபடி.

ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு கல்லறை மேலும் மெழுகுவர்த்தி. பனியில் நனைந்த குரோட்டன்ஸ் இலைகள் சேலையில் உரசின. பாஸ், டெனர், ஆல்ட்டோ, சொப்ரானோ என்று குழு வரிசை கட்டி நின்றது. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். யாரோ ஒரு புண்ணியவான் இந்த வருஷம் எல்லாவற்றையும் மொபைலில் நேரலையாக விட ஏற்பாடு செய்திருந்தான். துபாயிலும் லண்டனிலும் இருக்கிற சபைப் பிள்ளைகள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

ராகேல் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டு, அதற்குள் இயர்போனை மறைத்திருந்தாள். மொபைல் இடது கையில், மெழுகுவர்த்தி வலது கையில். மெழுகுவர்த்தி நெஞ்சுக்கு நேராக இருந்தால் சரி. இறங்கினால் இறக்கு. முகத்துக்கு மேலே போனால் ஏற்று.

மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் நின்றார். வெள்ளை ஜிப்பா, தோளில் மடித்த நேரியல். நெஞ்சில் கைவைத்தார். சுதி வந்தது. நேற்றுக் கொடுத்த அதே சுதி, அதே இடம்.

ராகேல் காதுக்குள் மொபைல் இரண்டு படி கீழே முனகியது. மெழுகுவர்த்தியை இறக்கினாள்.

மாஸ்டர் பார்த்தார். தொண்டையை ஒருமுறை கனைத்துவிட்டு ஒரு படி இறக்கினார். மெழுகுவர்த்தி இன்னும் இறங்கியது. இன்னொரு படி இறக்கினார். இப்போது மொபைலும் அவரும் ஒன்றாக இருந்தார்கள். அவள் மெழுகுவர்த்தியை நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். அவர் அவளை ஒரு கணம் நேராகப் பார்த்தார். கோபமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிற குருடனின் முகம் அது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. அவரே மெட்டுப் போட்ட உயிர்த்தெழுதல் பாட்டு, எல்லோருக்கும் தலைகீழாகத் தெரியும். குழு கல்லறைகளுக்கு நடுவே நடந்தது. முதல் வரியிலேயே ஏதோ சரியில்லை. பாஸ்காரர்கள் தரையைத் தடவினார்கள். சொப்ரானோக்கள் எப்போதும் பறக்கிற இடத்தில் நடந்தார்கள். பாட்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் உயிர்த்தெழுந்த பாட்டாக இல்லை, இன்னும் கல்லறைக்குள் கிடக்கிற பாட்டாக இருந்தது. பயத்தில் தனக்குத்தான் இப்படிக் கேட்கிறது என்று ராகேல் தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

முதல் சரணம் முடிந்தால் கோயில் மணி ஒருதரம் அடிக்கும். அந்த ஓசையின் மறைவில், பின்னால் நடந்த ஷாலு தலையை நீட்டினாள்.

"சித்தீ, இது என்ன இத்தற லோ ஆயிட்டு? வியாழக்கிழம பிரதீஷ் அண்ணன் எனக்கு ரெண்டு எறக்கி வச்சுத் தந்தாரில்லே? அதே குழியில கெடக்கு."

"எறக்கி வச்சா? எப்படி எறக்கி வச்சான்?"

"டிரான்ஸ்போஸ் பட்டன் அமுக்கித்தான். பின்னே எப்படி?" என்று சொல்லிவிட்டு ஷாலு தலையை இழுத்துக்கொண்டாள். இரண்டாம் சரணம் தொடங்கிவிட்டது.

ராகேல் வாய் பாடியது. மனசு வியாழக்கிழமைக்கு ஓடியது. ஷாலு பாடினாள், அது முடிந்து ஆசீர்வாதம், உடனே தான் போய்க் கட்டையை அழுத்தியது. நடுவில் அந்தப் பொத்தானை யாரும் தொட்டிருக்க முடியாது. பிறகு அணைத்தார்கள். அணைத்தால் என்ன ஆகும்? வீட்டு மிக்ஸி மாதிரித்தானே, மறுபடி போட்டால் முதலிலிருந்துதானே? நேற்று மத்தியானம் அவர் கேட்டது காதில் அறைந்தது. ஏறதுக்கு வழியே இல்லியே.

அவர் சரியாகத்தான் கொடுத்தார். நேற்றும் சரி, இன்றும் சரி. ஒரு வருஷம் குளியலறையில் நின்று, பொய் சொல்கிற காதை ஒதுக்கிவிட்டு, அந்த மனிதர் சத்தியமான சுதியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை இரண்டு தடவை பிடுங்கி எறிந்தது அவள் கை.

குழு கோயில் வாசற்படியைத் தாண்டியது. உள்ளே இருட்டு. சபை எழுந்து நின்றது. பீடம்வரை நீளமான நடைபாதை. அதன் கோடியில் மூன்றாம் சரணம் காத்திருந்தது. அங்கே கீபோர்டு இரண்டு படி மேலே வந்து இவர்கள் தலையில் விழும். லண்டன் துபாய் எல்லாம் கேட்கும். மாஸ்டருக்கு வயசாகிவிட்டது என்று நல்லவர்கள் சொல்வார்கள். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவள் நினைக்க விரும்பவில்லை.

அவர் முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்காது. நடுவில் பாஸும் டெனரும் இரண்டு வரிசை. ஈஸ்டர் பவனியில் வரிசை குலைப்பது அந்தச் சபையில் குடிவெறியில் வந்ததற்குச் சமம்.

ராகேல் இயர்போனைப் பிடுங்கி மொபைலோடு கைப்பைக்குள் போட்டாள். வரிசையை விட்டு வெளியே வந்தாள். சுவரோரமாக, பெஞ்சுகளில் நின்றவர்களின் முழங்கையில் இடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினாள். "ராகேல் அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ சொன்னது கேட்டது. இரண்டாம் சரணத்தின் கடைசி வரியில் பீடத்துப் படியருகே போய் நின்று, மாஸ்டருக்கு நேர் எதிரே, மெழுகுவர்த்தியைத் தலைக்கு மேலே தூக்கினாள். கை எட்டிய மட்டும் தூக்கினாள். மெழுகு உருகி மணிக்கட்டில் சொட்டியது.

மாஸ்டர் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ, அவர் தோள்கள் நிமிர்ந்தன. சரணம் முடிந்ததும் வலது கையை உயர்த்திக் குழுவை நிறுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் ராகேல் பக்கத்தில் பார்த்தாள். கீபோர்டுக்குப் பின்னால் பிரதீஷ். திரை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், கொயருக்காக ராத்திரி ஷிப்டை மாற்றிக்கொண்டு வருகிறவன். குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. குழு இரண்டு படி இறங்கி வருவதைக் கேட்டுவிட்டு, கீபோர்டையும் இரண்டு படி இறக்கித் தயாராகிறான்.

அப்படியானால் இவனுக்கும் தெரியும். எத்தனை நாளாகத் தெரியுமோ! போன வருஷம் மெதுவாகத் தொடங்கியதும் அதனால்தான். அவளைப் போலவே வாயைத் திறக்காமல், அவளைப் போலவே ஒளிந்து நின்று மாஸ்டரைக் காப்பாற்றுகிறான். அவள் சும்மா தன் வரிசையில் நடந்து வந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். இப்போது அவர் மேலே ஏறப்போகிறார், இவன் கீழே இறங்கி நிற்கிறான்.

"பிரதீஷே" என்றாள். குரல் வரவில்லை. அவன் நிமிரவில்லை.

மாஸ்டர் கண்ணை மூடினார். நெஞ்சில் கைவைத்தார். மெழுகுவர்த்தியைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. சுதி கொடுத்தார். இரண்டு படி மேலே, கல்லறைத் தோட்டத்தில் முதலில் கொடுத்த அதே இடத்தில், அசையாமல் நின்றது அது. குழு ஒரு நொடி திகைத்தது. ஆனால் மாஸ்டரின் கை எழுந்தால் பாடியாக வேண்டும் என்பது அவர்கள் எலும்பில் ஊறிய பாடம். கை எழுந்தது. விளக்குகள் எரிந்தன. மூன்றாம் சரணம் வெடித்துக் கிளம்பியது.

கீபோர்டு வரவில்லை.

பிரதீஷ் இரண்டு கையையும் கட்டைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றான். முதல் வரி முழுக்கக் குரல்கள் மட்டும் போயின. ராஜபாய் டீச்சரின் தலை, ஒரு கிளாஸ் முழுவதையும் அடக்குகிற அந்தத் தலை, மெல்ல கீபோர்டுப் பக்கம் திரும்பியது. பிரதீஷின் ஒரு விரல் பொத்தானுக்குப் போயிற்று. அழுத்தினான், அழுத்தினான். இரண்டாம் வரியின் முதல் சொல்லில் அவன் கைகள் இறங்கின.

சேர்ந்தது. நூலிழை பிசகில்லாமல் சேர்ந்தது. சொப்ரானோக்கள் கூரைக்குப் போனார்கள், பாஸ்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள், பின்வரிசையில் யாரோ வாய்விட்டு அழுதார்கள். ராகேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிரசங்கத்துக்கு எழுந்த போதகர் வேதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். இரண்டு சரணம் கல்லறைச் சுதியில் பாடவைத்து, மூன்றாவதில் மேலே தூக்கி, வாத்தியத்தைக்கூட ஒரு வரி காக்கவைத்து, உயிர்த்தெழுதல் என்றால் என்ன என்று மாஸ்டர் காட்டிவிட்டாராம். தான் பேச இனி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, போதகர்களின் வழக்கப்படி முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில், "இனி எல்லா வருஷமும் இப்படியே பாடணும். மாஸ்டர் வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார்.

ராகேல் அதற்குள் தன் ஆல்ட்டோ வரிசைக்கு வந்துவிட்டிருந்தாள். தப்பித்தோம் என்று நினைத்தாள். தேவனே பார்த்துப் போட்ட மூடி. நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான், ரகசியம் ரகசியமாகவே இருக்கும்.

மாஸ்டர் மைக்குக்கு முன்னால் வந்தார்.

"நம்ம போதகர் அச்சன் சொன்னதுல பாதி கேட்டேன்" என்றார். "மீதி கேக்கல்ல. இடது காது அடஞ்சுபோச்சு. வலது காதுல எல்லாம் ஒரு படி ஏறிக் கேக்கும். ரெண்டு வருஷமாச்சு."

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அந்த ஏத்தம் நான் நெனச்சுச் செஞ்சதில்ல. மொதல்ல சுதி தப்பிப்போச்சு, நடுவழியில திருத்தினேன். அவ்வளவுதான். தப்புன சுதி என்னுதாக்கும். அதுக்கு நீங்க ஆமென் சொல்லப்பிடாது. இன்னொண்ணு. இத வெளிய சொல்லாதேன்னு ஒருத்திய ரெண்டு வருஷமா பயங்காட்டி வச்சிருந்தேன். இன்னைக்கு அவ மெழுகுவர்த்தியத் தூக்கிட்டு நின்னத நீங்களும் பாத்தீங்க. பாட்டுல வந்த தப்ப விட அதுதான் பெரிய தப்பு."

ராகேலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவர் அவளைக் காப்பாற்றிவிட்டு, தப்பைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். சரியான சுதியைக் கொடுத்த மனிதர், தப்பான சுதி கொடுத்தவராக இறங்கிப் போகப்போகிறார். அவள் எழுந்தாள். மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்டது.

"இல்ல. அவரு குடுத்த சுதி சரியாக்கும். நேத்தும் சரி, இன்னைக்கும் சரி. கொறைக்கச் சொன்னது நானு. கீபோர்டுல பட்டன் எறங்கிக் கெடந்தது எனக்கு அறிஞ்சூடா. அவரு காதத்தான் நான் சந்தேகப்பட்டேன். கீபோர்ட சந்தேகப்படல்ல."

எல்லோருக்கும் கேட்டது, ஒருவரைத் தவிர. அவள் நின்றது அவருடைய இடது பக்கம். மாஸ்டர் சபையின் முகங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்டுத் தாமும் திரும்பினார். ராகேல் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"என்னவாம் அவளுக்கு?" என்று பிரதீஷிடம் கேட்டார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

பிரதீஷ் கீபோர்டை விட்டு எழுந்து வந்தான். வலது காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னான். தான் பொத்தானை அழுத்தியதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று. கேட்கக் கேட்க மாஸ்டரின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. முதல்நாள் மத்தியானம் சுவரைப் பார்த்துப் படுத்த அந்த முகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்ததை ராகேல் கண்ணீருக்கு நடுவே பார்த்தாள்.

அவர் மைக்கைப் பிடித்தார்.

"வாழ்நாள் பூரா ஆல்ட்டோ பாடுதா" என்றார். "கீழ இழுக்காம பின்னே என்ன செய்வா?"

கோயில் சிரித்தது. ராஜபாய் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ராகேலும் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். சபை எழுந்தது. பழக்கதோஷத்தில் ஒருதரம் ஆல்ட்டோ வரிசைப் பக்கம் பார்த்தார். ராகேல் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மெழுகுவர்த்தி அணைந்து பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. அவர் கண்ணை மூடிச் சுதி கொடுத்தார். பிரதீஷ் கட்டையை அழுத்தி ஒத்துப் பார்க்கவில்லை. நேராக வாசிக்கத் தொடங்கினான்.